கீழ்பென்னாத்தூர் போகிற வேன்

தருமன் ஞாயிற்றுக்கிழமையில் மெக்கானிக் ஷெட்டைத் திறந்ததே, அந்த வேன் வீட்டை விட்டுக் கிளம்புவதைப் பார்க்கக் கூடாது என்றுதான்.

வேன் அவன் ஷெட் வாசலுக்கே வந்து சேர்ந்தது. பின்னால் வந்த மாட்டு வண்டிக்கெல்லாம் வழிவிட்டு, ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

உள்ளே அண்டா, குத்துவிளக்கு, டிரங்குப் பெட்டி, சுருட்டிக் கட்டிய மெத்தை. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் பெண்டாட்டி கஸ்தூரியோடு அடி அண்ணாமலைக்கு வந்த சீர், ஒன்று விடாமல் இருந்தது.

முன்சீட்டில் கஸ்தூரி உட்கார்ந்திருந்தாள்.

சீர்ப் பாத்திரம் பிறந்த வீட்டில் இறங்கிவிட்டால் அப்புறம் பேச ஒன்றும் இல்லை. சமாதானம் பேச யார் போனாலும் காபியைக் குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். அவள் பிறந்த ஊரான கீழ்பென்னாத்தூர் ஷெட்டிலிருந்து முக்கால் மணி நேரம்.

நடந்தது இவ்வளவுதான். பிள்ளை இல்லை என்று தருமனின் அம்மா ராஜம்மாள் இரண்டாவது பெண் பார்க்கும் பேச்சை எடுத்தாள், அதுவும் கஸ்தூரியை வைத்துக்கொண்டே. கஸ்தூரி புருஷன் முகத்தைப் பார்த்தாள். புருஷன் வாயில் கொழுக்கட்டை. மூன்று நாள் பார்த்தாள். நாலாம் நாள் அண்ணனுக்கு ஆள் அனுப்பினாள்.

சத்தியமாக அவனுக்கு வேறு பெண் மேல் ஆசை கிடையாது. அம்மாவை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. வேண்டாம் என்ற ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்கலாம் என்று காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தான்.

கஸ்தூரியின் அண்ணன் சக்கரபாணி வேனிலிருந்து இறங்கினான். போன கார்த்திகை தீபத்துக்குக்கூட வாய் நிறைய மாப்பிள்ளை என்று கூப்பிட்டவன்.

"தெருமுனையிலேர்ந்தே இழுக்கலபா மெக்கானிக்கு. ஞாயித்துக்கிழமைல வேற எவனும் கடை தொறக்கல. சீக்கிரம் பாத்து உடு."

பெடலை மிதித்தால் இஞ்சினுக்குக் காற்றுத் திறந்துவிடுகிற வால்வு ஒட்டிக்கொண்டது என்று டிரைவர் சொன்னான். சொன்னதோடு சரி, பெட்டிக்கடைப் பக்கம் பீடிக்குப் போய்விட்டான்.

கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் அப்போது இருந்ததே மூன்று டீசல் வேன். இந்த மாதிரி வண்டியில் இஞ்சின் முன்சீட்டுகளுக்கு நடுவே ஒரு தகர மூடிக்குள் இருக்கும். அதைத் திறக்க வேண்டுமானால் கஸ்தூரியின் முழங்கால் பக்கம்தான் குனிய வேண்டும்.

தருமன் குனிந்தான். தலையை நிமிர்த்தவே இல்லை.

ஒரு நட்டைத் தளர்த்திவிட்டு, சாமான் வாங்க வேண்டும், நாளைக்குத்தான் ஆகும் என்று சொல்லலாம். இரண்டு தரம் வாய்வரைக்கும் வந்தது. பெண்டாட்டியை நிறுத்த வண்டியைக் கெடுத்தவன் என்று ஊர் சிரிக்குமே என்று இரண்டு தரமும் விழுங்கினான்.

குழாயைக் கழற்றினான். வால்வுத் தகட்டில் கரி அப்பியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்தான். அப்போதும் அசையவில்லை.

விரலை விட்டுத் தடவினான். தகட்டைத் திறக்கிற லிவரின் பின்பக்கம் ஏதோ கம்பி மாட்டி, பூட்டுப் போட்ட மாதிரி பிடித்திருந்தது. டிரைவர் வேலை. அறுந்தது, ஆடுவது எல்லாவற்றையும் கம்பியைச் சுற்றிச் சரிக்கட்டுகிற ஜாதி. மனசுக்குள் திட்டிக்கொண்டே குறட்டால் பிடித்து இழுத்து, கிரீஸும் கரியுமாக வந்ததைச் சட்டைப் பையில் போட்டான். லிவர் லொடக்கென்று விழுந்தது.

குழாயை மாட்டி ஸ்டார்ட் செய்து பெடலை அழுத்தினான். இஞ்சின் சீறிக்கொண்டு ஏறியது.

"சரியாயிடுச்சு," என்று இஞ்சினைப் பார்த்துச் சொன்னான்.

"நல்லா பாத்துட்டீங்களா?"

கஸ்தூரிதான் கேட்டாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் பேச்சு.

தருமனுக்குச் சுருக்கென்றது. போகிற நேரத்திலும் தொழிலைக் குத்திக் காட்டுகிறாளே.

"என் கை பட்ட வண்டி வழியில நிக்காது," என்றான்.

அவள் கொஞ்ச நேரம் அவனையே பார்த்தாள். அப்புறம் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சக்கரபாணி ஏறினான். டிரைவர் பீடியை எறிந்துவிட்டு வந்தான். புகை இல்லை, இழுவை இல்லை, வேன் அழகாக வளைவைத் தாண்டிப் போயிற்று.

தருமன் கை கழுவக் குனிந்தபோது பையில் இருந்தது நெஞ்சில் குத்தியது. எடுத்து வேஸ்ட் துணியில் துடைத்தான்.

அது கம்பி இல்லை. ஊக்கு.

கஸ்தூரி தாலிக் கயிற்றில் மாட்டியிருக்கும் ஊக்கு. சாயங்காலம் அவன் வீட்டுக்குப் போனால் விரலைப் பிடித்து விளக்குப் பக்கம் காட்டி, ஏறியிருக்கும் இரும்புப் பிசிறை இதால்தான் எடுப்பாள். அதற்காகவே நுனியை லேசாக வளைத்து வைத்திருந்தாள். சுருளுக்குள் கரி ஏறாத இடத்தில் மஞ்சள் தெரிந்தது.

ஆண்கள் அண்டாவைத் தூக்கி ஏற்றுகிற நேரத்தில் அவள் முன்சீட்டில் தனியாக இருந்திருப்பாள். ஷெட் போட்ட புதிதில் ஆள் வைக்க வக்கில்லாமல் அவளைத்தான் ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கச் சொன்னான். எதைக் கட்டினால் வண்டி ஓடாது என்று அவளுக்குத் தெரியும். இந்த ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கப் போவது யார் ஷெட் என்றும் தெரியும்.

தருமன் ஷெட்டை மூடக்கூட இல்லை. சைக்கிளை இழுத்துப் போட்டு ரோட்டில் ஏறி மிதித்தான்.

ஊர் போய்ச் சேருவதற்குள் அந்த வேன் எங்கேயாவது நின்றால்தான் உண்டு.

நிற்காது. வேலையை அவ்வளவு சுத்தமாகச் செய்திருந்தான்.