கூரைக்கு எந்தப் பூச்சு?

யாராவது கேள்வி கேட்டால் போதும், மேஸ்திரிக்குச் சாப்பாடுகூட மறந்துபோகும். ஜிப்சம் பலகைக் கூரைக்கு எந்தப் பூச்சு நல்லது என்று கேட்டபடி அவருடைய கடைக்குள் வந்தாள் ஒரு பெண்.

"வாழ்க்கையில ஒரே ஒரு வீடு அண்ணே. ஏமாந்துடக் கூடாது."

மேஸ்திரி மாதிரிப் பலகைகளை உற்சாகமாக எடுத்துப் பரப்பினார்.

"இது வழவழப் பூச்சு. பக்கவாட்டுல வெளிச்சம் விழுந்தா, இணைப்பு, திருகாணி எல்லாத்தையும் காட்டிக் கொடுத்துடும். இது ஆரஞ்சுத் தோல் மாதிரி, சின்னக் குறையை மறைக்கும். இதோ, திட்டுப் பூச்சு. கலவையைத் தெளிச்சு, பாதி காய்ஞ்சதும் பட்டித் தகட்டால லேசா அமுக்கி இழுக்கணும்."

"விரிசலையும் மறைக்குமா?"

"நல்லாக் கேட்டீங்க. ஒவ்வொரு திட்டும் ஒரு குட்டி நிழல் போடும். அத்தனை நிழலுக்கு நடுவுல விரிசலோட நிழலை யாரு தேடுறது?"

"சும்மா சொல்றீங்க."

மேஸ்திரிக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என் வீட்டு ஹால் கூரையிலயே இதான்மா. மாடிக் குளியலறைத் தண்ணி கசிஞ்சு, இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் விரிசல். இதுவரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் படலை."

"எங்க கண்ணுலயும் படலை அண்ணே. நீங்க விக்கிற அந்த வீட்டை, நீங்க இல்லாதப்போ, நேத்துதான் பார்த்துட்டு வந்தோம். நாளைக்கு முன்பணம் தர்றதா அண்ணிகிட்ட சொல்லியிருக்கோம்."

மேஸ்திரி பலகையை மெல்லக் கீழே வைத்தார்.

"அது... நீங்கதானா?"

"நாங்கதான். கசிவை அடைச்சுட்டு, வழவழப் பூச்சே பூசிடுங்க. டார்ச்சோட வர்றோம்."