கொன்றை மரத்துக்கு முன்னால்

"அம்மா, தள்ளி நில்லுங்க. எனக்கு மரம் மட்டும்தான் வேணும்."

படம் எடுக்க வந்த பெண் இதை ஏழாவது முறையாகச் சொன்னாள். எதிர்வீட்டு அம்மாள் அசைந்தால்தானே! கொன்றை மரம் உச்சி முதல் அடிவரை மஞ்சளாகப் பூத்திருந்தது.

"இந்தக் கிளையிலதான் கண்ணு ஊஞ்சல் கட்டுவோம். எங்கண்ணன் தள்ளிவிட்டதுல முன்பல்லே போச்சு."

"பல்லு கதையை அப்புறம் கேக்கறேன். அஞ்சு மணிக்குள்ள ஆபீசுக்குப் படம் போகணும். இல்லேன்னா மேலதிகாரி என் உயிரை வாங்கிடுவார்."

அவள் இடப்பக்கம் போனாள், அம்மாளும் வந்தாள். வலப்பக்கம் போனாள். "இங்க உக்காந்துதான் பூவைக் கோத்துக் கிரீடம் செய்வோம்" என்று அம்மாள் அங்கேயும் வந்து நின்று சிரித்தாள்.

மணி ஐந்தாகிவிட்டது.

"ஏம்மா இப்படிப் படுத்தறீங்க? உங்க படம் வேணும்னா தனியா எடுத்துத் தந்திருப்பேனே!"

"என் மூஞ்சி யாருக்கு வேணும்? வெட்டப்போற மரத்தோட படத்துல ஆள் இருந்தா செல்லாது. இன்னிக்குப் பட்டியல்ல ஏறலைன்னா இனிமே அடுத்த வருஷம்தான்."

பெண் திகைத்துப் போனாள். "இது ஆபீஸ் விஷயமாச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"உன் மேலதிகாரியோட நாற்காலியில முப்பது வருஷம் உக்காந்து, ஆள் நிக்கிற படத்தையெல்லாம் திருப்பி அனுப்பினவளே நான்தான் கண்ணு."