தொண்ணூற்றேழு பெர்சென்டைல்

"போன செக்கப்ல வெயிட் தொண்ணூத்தேழு பெர்சென்டைல். இப்ப எழுபது! இருபத்தேழு அப்படியே போச்சு. கேட்டா டாக்டர் 'வெரி குட்'ங்கறாங்க!"

கார் ஃப்ரீமான்ட் வீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பின் சீட்டில் தூங்கும் மூன்று வயது சுஹாஸைத் திரும்பிப் பார்த்து ஷ்யாமளா பெருமூச்சு விட்டாள்.

ஜி.ஆர்.ஈ. எழுதி அமெரிக்கா வந்த குடும்பம். பெர்சென்டைல் என்று ஒன்று இருந்தால் அது ஏறத்தான் வேண்டும். பரீட்சையானால் என்ன, எடையானால் என்ன? தொண்ணூற்றேழு வந்த அன்று சென்னைக்கு போன் போட்டு, "நூத்துல மூணு குழந்தைங்கதான் இவனுக்கு மேல" என்று சொல்லிவிட்டு, மறக்காமல் திருஷ்டியும் சுற்றிப் போட்டாள். அன்றைக்கு டாக்டர் முகம் சுளித்தது மட்டும் அவள் கண்ணில் படவில்லை.

"காலையில பருப்பு சாதத்துல மூணு ஸ்பூன் நெய் விட்டு, உருளைக்கிழங்கு ரோஸ்ட்டோட டப்பால வெச்சுட்டுத்தான் ஆபீஸ் போறேன். சாயங்காலம் பார்த்தா டப்பா துடைச்ச மாதிரி காலி. ஆனா பிள்ளை இளைக்கறான். அப்ப யார் சாப்பிடறது?"

விடையையும் அவளே வைத்திருந்தாள்: ரோஸா. தன் நான்கு வயது மகளோடு தினமும் இரண்டு பஸ் மாறி வந்து சுஹாஸைப் பார்த்துக்கொள்ளும் மெக்சிகோக்காரப் பெண்.

"சனிக்கிழமையானா கிளினிக்ல ஏதோ ஃப்ரீ கிளாஸ் போறாளாம். கஷ்டப்படற ஸ்பானிஷ் அம்மாக்களுக்குக் குழந்தை குண்டாகாம வளக்கறது எப்படின்னு சொல்லித் தராங்களாம். ஜூஸ் குடுக்காதே, டிவி போட்டு ஊட்டாதே, போதும்னா விட்டுடு... அன்னிக்கு எனக்கே பாடம் எடுத்தா! அங்க பாடம், இங்க நம்ம நெய். நாளைக்கே அவளை நிறுத்தறேன்."

கார் ஓட்டிக்கொண்டிருந்த அவள் கணவன் பாலசுப்ரமணியன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தான்.

"பாவம் ஷ்யாமி, இந்த வேலையை நம்பித்தான் அவ வாடகை குடுக்கறா. இப்படி ஒரு நல்ல பொண்ணு கிடைக்க மாட்டா. ஒரு வாய் சாப்பிட்டா சாப்பிட்டுட்டுப் போறா, விடு."

"உங்களுக்கு இளகின மனசு. கொலஸ்ட்ரால்னு சொன்னதும் ஓட்ஸையும் வெள்ளரிக்காயையும் வாயைத் திறக்காம ஆபீஸ்க்கு எடுத்துட்டுப் போறீங்க. எல்லாரும் உங்களை மாதிரி இருப்பாங்களா?"

அவன் அடக்கமாகத் தலையசைத்தான்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு, மில்பிடாஸ் ஆபீஸில் தலைவலி என்று சொல்லிவிட்டு ஷ்யாமளா கிளம்பினாள். கையும் களவுமாகப் பிடிக்கப்போகிற உற்சாகத்தில் ஃப்ரீவே நெரிசல்கூடத் தெரியவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் உள்ளே நுழைந்தாள்.

டைனிங் டேபிளில் இரண்டு குழந்தைகள். தட்டில் வெந்த பீன்ஸ், கேரட், ஆளுக்கொரு சின்னச் சோள ரொட்டி. ரோஸாவின் தட்டிலும் அதே. டிவி ஓடவில்லை. கதை சொல்ல ஆளில்லை. சுஹாஸ் தன் கையால் தானே எடுத்துத் தின்றுகொண்டிருந்தான். இப்படி ஓர் அக்கிரமத்தை ஷ்யாமளா பார்த்ததே இல்லை.

"ரோஸா! நான் வெச்ச டப்பா எங்கே?" என்று ஆங்கிலத்தில் சீறினாள்.

ரோஸா பதறி எழுந்தாள். கண் கலங்கிவிட்டது. "மேடம், ப்ளீஸ்... எனக்கு இந்த வேலை வேணும். ஆனா, சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்."

"சாதத்தைத் தின்னுட்டு சத்தியம் வேறயா? போதும். நாளையிலேர்ந்து வராதே!"

அம்மாவைப் பார்த்த சந்தோஷத்தில் சுஹாஸ் நாற்காலியிலிருந்து குதித்தான். நேரே ஓடிப்போய் கராஜ் கதவைத் தள்ளித் திறந்தான்.

"டாடி! மம்மி இஸ் ஹோம்!"

உள்ளே நிறுத்தியிருந்த காரின் முன் சீட்டில், பெல்ட்டை இரண்டு ஓட்டை தளர்த்திவிட்டு, மடியில் டப்பாவும் விரலெல்லாம் நெய்யுமாக பாலசுப்ரமணியன் உட்கார்ந்திருந்தான். வாயில் இருந்த உருளைக்கிழங்கை விழுங்குவதா துப்புவதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரோஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்: "எங்க கிளாஸ் அஞ்சு வயசுக்குக் கீழே இருக்கறவங்களுக்குத்தான் மேடம். இருந்தாலும், ஸாருக்கு ஒரு இடம் கேட்டுப் பார்க்கறேன்."