ஐந்து முறை விழுந்தவர்

சாட்டையை மூன்றாவது முறை ஓங்கியபோது ஆண்டனிராஜின் விலாப்பக்கம் பட்டென்று ஒரு சத்தம்.

கவசத்தின் கிளிப் ஒன்று தெறித்து, தெருவோரம் முழங்காலிட்டிருந்த டெய்சியின் ஜெபப் புத்தகத்தில் போய் விழுந்தது.

பெரிய வெள்ளிக்கிழமை. மதியம் மூன்றரை மணி. ஆத்தூர் தெருவில் சிலுவைப்பாதை ஒன்பதாம் நிலைக்கு வந்திருந்தது. ஆண்டனிராஜ்தான் ரோமைப் படைத்தலைவன். கேட்டு வாங்கிய வேஷம்.

கவசம் மதுரையில் வாடகைக்கு எடுத்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பித்தளை. கிட்டத்தில் பார்த்தால் தங்கப் பெயின்ட் அடித்த வாளி. முன்தட்டையும் பின்தட்டையும் நான்கு பிளாஸ்டிக் கிளிப்புகள் சேர்த்துப் பிடித்திருந்தன, பள்ளிக்கூடப் பையில் இருக்குமே, அந்த மாதிரி.

துணிச் சாட்டைதான். ஆனாலும் அவன் ஓங்கிய வேகம் கொஞ்சம் அதிகம்.

ஒன்று போனதும் மற்றவற்றுக்கும் தைரியம் வந்துவிட்டது. அடுத்த பக்கக் கிளிப் போனது. அதன் பின்னாலேயே இடது தோளில் இருந்ததும் போனது. முன்தட்டு கதவு மாதிரி திறந்துகொள்ள, உள்ளே ஆரஞ்சு நிறக் கபடி பனியன் பளிச்சென்று தெரிந்தது.

பத்தாம் நிலையில்தான் ஆடை களைவது. அதுவும் இயேசுவுக்கு. இங்கே ஒரு நிலை முன்னதாகவே ரோமாபுரிக்கு அது நடந்துகொண்டிருந்தது.

முதலில் சிறுபிள்ளைகள் சிரித்தார்கள். பெரியவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். குனிந்த தோள்கள் குலுங்கின.

ஒரு கையில் சாட்டை, ஒரு கையில் கவசம். ஓடிவிடலாமா என்று பார்த்தான். முன்னால் பாடகர் குழு, பின்னால் டிராக்டரில் ஜெனரேட்டர். வழியில்லை.

"இயேசு மூன்றாம் முறை கீழே விழுகிறார்" என்று மைக்கில் வாசித்தார் மரியசெல்வி டீச்சர்.

சிலுவையோடு விழுந்தார் ராயப்பராஜ். இருபது வருடமாகக் கட்டடங்களில் கம்பி கட்டுபவர். இந்த வருடம் இயேசு. வேலையைக் காரணம் சொல்லி, ஆண்டனிராஜ் வந்த எந்த ஒத்திகைக்கும் அவர் வரவில்லை. அவர் வந்த ஒத்திகைக்கு இவனும் போகவில்லை.

சிலுவைக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"ஏலே, கிட்ட வா."

ஆண்டனிராஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"பனியனோட நிக்கிறியா, கிட்ட வாரியா?"

கைதியைத் தூக்கிவிடுகிறவன் போலக் குனிந்தான். ராயப்பராஜ் தலையிலிருந்த முள்முடியைத் தடவி, முட்களைச் சேர்த்துக் கட்டியிருந்த கட்டுக்கம்பியின் நுனியை உருவினார். கிளிப் இருந்த ஓட்டைகளில் கோர்த்தார். இரண்டே முறுக்கு. கண்ணால் பார்க்கக்கூட இல்லை. அவர் விரல்களுக்கு அது பழக்கம்.

ஒரு பக்கம் நின்றது. எழுந்தார்கள். அடுத்த பக்கம் திறந்துகொண்டது.

ராயப்பராஜ் யோசிக்கவே இல்லை. மறுபடி விழுந்தார்.

மரியசெல்வி டீச்சர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். ஆண்டவரைப் பார்த்தார். தாளில் மூன்றுதான் இருந்தது.

"இயேசு... நான்காம் முறை கீழே விழுகிறார்."

எழுந்தவர்கள் எல்லாரும் சுடுகிற தார்ரோட்டில் மறுபடி முழங்காலிட்டார்கள். கண்மூடியிருந்த பங்குச்சாமியார் ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"மூச்ச இழுத்துப் பிடி" என்றார் ராயப்பராஜ்.

ஆண்டனிராஜ் பிடித்தான். இன்னும் இரண்டு முறுக்கு.

தோள் மட்டும் பாக்கி. ஐந்தாம் முறை அவர் விழுந்தபோது டீச்சரின் குரல் தழுதழுத்தது. தாளில் இல்லாததைச் சொல்லும் பயம். கேட்டவர்களுக்கு அது பக்தியாகப் பட்டது. ஒரு பெண் விம்மினாள்.

தோளும் நின்றது.

ஆனால் கம்பியெல்லாம் கவசத்துக்குப் போய்விட்டதால் முள்முடி தளர்ந்து, சரிந்து, ராயப்பராஜின் கண்ணை மறைத்துவிட்டது. இரண்டு கையிலும் சிலுவை. மனிதர் பார்வையில்லாமல் ஓரடி வைத்தார். தடுமாறினார்.

ஆண்டனிராஜ் சாட்டையைக் கீழே போட்டான். இரண்டு கையாலும் முடியை மெதுவாகத் தூக்கி, முள் குத்தாமல் நெற்றியில் பதித்து வைத்தான். நெற்றி வியர்வையைத் தன் சிவப்புத் துண்டால் துடைத்தான்.

எந்தப் படைத்தலைவனும் செய்யாத வேலை. தெருவில் சிரிப்புச் சத்தம் நின்றுபோயிருந்தது.

எல்லாம் முடிந்து கோவிலில் வேஷம் கலைத்தபோது, ஆண்டனிராஜின் கவசம் மட்டும் கழலவில்லை. கம்பி அவ்வளவு இறுக்கம். நாலு பேர் முயன்றார்கள். ஒருவர் கட்டிங் பிளேயரோடு வந்தார். வெட்டினால் ஒரு நொடி வேலை.

"வேணாம். கட்டுனவுகளே அவுக்கட்டும்" என்றான்.

ராயப்பராஜ் முட்டியெல்லாம் சிராய்ப்போடு அதற்குள் வீட்டுக்குப் போயிருந்தார்.

கவசத்தோடே நடந்தான். டீக்கடையில் யாரோ சல்யூட் அடித்தார்கள். தன் வீட்டு வாசல் வந்தது. நிற்கவில்லை. வாசலை ஒட்டிய சுவரைச் சுற்றிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். ஆறு வருடத்துக்கு முன்னால் அவனே நின்று எழுப்பிய சுவர்.

கதவைத் தட்டினான்.

திறந்தது அம்மா அன்னாள். வாசலில் நின்ற ரோமைப் படைத்தலைவனை மேலும் கீழும் பார்த்தாள். கவசத்தை விரலால் ஒரு தட்டு தட்டிப் பார்த்தாள். பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"ராயப்பா, உன் தம்பி வந்திருக்கான். கஞ்சிக்கு இன்னொரு கிண்ணம் எடு."