பூட்டியிருந்த படங்கள்

"இது சார்ஜ் ஏத்துற வயரும்மா. இதுல கரண்ட் போகும், போட்டோ போகாது" என்றார் செல்போன் கடைக்காரர், அந்த அம்மா கொண்டுவந்த வயரைச் சுருட்டி ஓரமாக வைத்தபடி.

"ரெண்டும் ஒரே மாதிரிதானே தம்பி இருக்கு?"

"பாக்கத்தான் ஒரே மாதிரி. நல்லவேளை என்கிட்ட வந்தீங்க. இல்லேன்னா வீட்ல உக்காந்து லேப்டாப்பைத் திட்டிக்கிட்டு இருந்திருப்பீங்க."

"திட்டிட்டுத்தான் வந்தேன்."

கடைக்காரர் சிரித்துவிட்டார். அந்த அம்மாவின் லேப்டாப்பில் வேறு வயரைச் செருகிப் போனோடு இணைத்தார். போனின் முதுகு உப்பி, மூடி ஒரு பக்கம் விலகியிருந்தது. பேட்டரி வீங்கிவிட்டது. இந்த மாடலுக்கு இப்போது பேட்டரி வருவதில்லை.

"யார் போனும்மா?"

"பையனோடது. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருக்கு. அதுக்குள்ள படத்தையெல்லாம் லேப்டாப்ல ஏத்திடணும் தம்பி. எனக்கு வேற எதுவும் வேண்டாம்."

திரையில் கோடு போட்டுப் போனைத் திறக்க அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது. உள்ளே ஒரு நாய்க்குட்டி, மின்சார மீட்டர், யாருடைய செருப்போ. அவ்வளவுதான்.

அந்த அம்மாவின் முகம் வாடிவிட்டது. "இருக்காதே. எப்பப் பாத்தாலும் போனைத் தூக்கிட்டு எடுத்துக்கிட்டே இருப்பானே."

கடைக்காரர் போனுக்குள் சற்று நேரம் துழாவினார்.

"இருக்கும்மா. ரகசிய ஆல்பம் ஒண்ணு வெச்சிருக்கார். எல்லாம் அதுக்குள்ளதான் கிடக்கு. ஆனா விரல் வெச்சாத்தான் திறக்கும். திறக்காம லேப்டாப்புக்கு வராது. போன் செத்துட்டா அதோட படமும் போச்சு."

"வேற வழி இல்லையா?"

"எதுக்கு வேற வழி? பையனை வரச் சொல்லுங்க. ஒரு நிமிஷ வேலை."

அந்த அம்மா கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"விரல் இருந்தாப் போதுமா தம்பி?"

"விரல் மட்டும் தனியா நடந்து வருமா? ஆளோடதானே வரும்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. "ரேகை நாளாக ஆக மாறிடாதே?"

"அது ஆண்டவன் போட்ட கையெழுத்தும்மா. மாறாது."

அந்த அம்மா கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்தார். வேண்டுதல் போலிருந்தது. பிறகு தன் போனை எடுத்தார்.

"நான்தான் பேசறேன். வேலையா இருக்கீங்களா? இல்ல இல்ல, உடம்புக்கு ஒண்ணும் இல்ல. ஒரு உதவி கேக்கலாமா? உங்களுக்குச் சிரமம்னா வேண்டாம்…"

கடைக்காரருக்குச் சுருக்கென்றது. பெற்ற மகனிடம் இப்படியா கெஞ்சுவது? தன் அம்மா கூப்பிட்டால் "என்ன, சீக்கிரம் சொல்லு" என்று தானும் எரிந்து விழுவது ஒரு கணம் நினைவுக்கு வந்தது. வந்த வேகத்தில் அதை மறந்துவிட்டு, மகனை மட்டும் மனதுக்குள் திட்டத் தொடங்கினார்.

சற்று நேரத்தில் ஓர் இளைஞன் மூச்சு வாங்க உள்ளே வந்தான். அந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை.

"வாங்க" என்று அந்த அம்மா எழுந்துகொண்டார்.

"நீங்க உக்காருங்கம்மா."

கடைக்காரரால் பொறுக்க முடியவில்லை. "ஏன் சார், பெரியவங்களை இப்படி அலைய விடலாமா? போட்டோவுக்கெல்லாம் எதுக்குப் பூட்டு? அப்படி என்ன பொக்கிஷத்தைப் பூட்டி வெச்சிருக்கீங்க?"

இளைஞன் கோபப்படவில்லை. "இது முன்னாடியே தோணாமப் போச்சு சார்" என்று சொல்லி, கட்டை விரலைத் திரையில் வைத்தான்.

திறக்கவில்லை.

"வேர்வையா இருக்கும். தொடைச்சிட்டு வைங்க."

அந்த அம்மா கைக்குட்டையை எடுத்து, அந்த விரலைச் சின்னப் பிள்ளைக்குத் துடைப்பதுபோல் நகக்கண் வரை துடைத்தார். விரல் மறுபடியும் இறங்கியது. மெதுவாக, யோசித்து யோசித்து நகர்ந்தது.

ஆல்பம் திறந்தது.

உள்ளே இருந்த படங்கள் எல்லாமே அந்த அம்மாதான். மாடியில் துணி உலர்த்தும்போது. கண்ணாடியைக் கழற்றாமலே தூங்கிப்போனபோது. பஸ் ஜன்னலோரம் வாயைப் பிளந்துகொண்டு. கரண்டியை ஓங்கிக்கொண்டு கேமராவை நோக்கி.

"என் மூஞ்சியை எடுக்காதேன்னு கத்துவேன். எல்லாத்தையும் அழிச்சிட்டேன்னு சொன்னானே, திருட்டுப் பய" என்றார் அந்த அம்மா, கண்ணீரும் சிரிப்புமாக.

கடைக்காரர் எல்லாப் படங்களையும் குறியிட்டு ஆல்பத்திலிருந்து வெளியே எடுத்து, லேப்டாப்புக்கு அனுப்பினார். திரையில் பச்சைக் கோடு இடமிருந்து வலமாக நகர்ந்தது. போன் கடைசிவரை தாக்குப்பிடித்தது.

"ஒண்ணு விடாம வந்துடுச்சும்மா. இனி போன் போனாலும் கவலை இல்ல."

அந்த அம்மா லேப்டாப்பைப் பார்க்கவில்லை. இளைஞனின் கையைத் தன் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாகத் தடவிக்கொண்டிருந்தார். அவனும் கையை இழுத்துக்கொள்ளாமல் நின்றான்.

கடைக்காரரின் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க சார், ஏதோ பேசிட்டேன். அம்மாவை அடிக்கடி வந்து பாருங்க. பையன் கையைப் பிடிச்சதும் அவங்க முகத்தைப் பாருங்களேன்."

"வாராவாரம் வர்றார் தம்பி. அவரை ஒண்ணும் சொல்லாதீங்க" என்ற அந்த அம்மா, இளைஞனின் சட்டைக்கையை மெல்ல மேலே ஒதுக்கினார். மணிக்கட்டைச் சுற்றித் தையல் போட்ட தழும்பு வளையமாக ஓடியது.

"இவர் மெஷின்ல கையை இழந்தவர். போன வருஷம் என் பையன் விபத்துல போனப்போ, அவன் கையை எடுத்துத்தான் இவருக்கு வெச்சாங்க."