பசி இல்லாத வீடு

சீன வைத்தியம் சொன்ன பிடரிப் புள்ளியில் ஊசி பதித்துக்கொண்ட பிறகு தமயந்திக்கும் அவள் கணவனுக்கும் பசிப்பதே இல்லை. காலையில் ஒரு சத்து மாத்திரை, அவ்வளவுதான். அடுப்பைக் கழற்றிவிட்டு அந்த மேடையில் துணி மடித்து வைத்திருந்தார்கள்.

முழுகாமல் இருந்த நாத்தனார் வசுமதி அன்று காலையிலேயே வந்துவிட்டாள். பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது என்று நாளெல்லாம் சிரித்துப் பேசினார்கள். வசுமதி மட்டும் அடிக்கடி தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தாள்.

சாயங்காலம் தமயந்தி விளக்கேற்றப் போனாள். சாமி படத்தின் முன்னால் கற்கண்டுக் கிண்ணம் காலியாக இருந்தது. பக்கத்தில் வசுமதி, கன்னம் உப்ப, தலை குனிந்து நின்றாள்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணி. பிள்ளைத்தாச்சிக்கு அந்த ஊசி போட மாட்டாங்க."

"வாய்விட்டுக் கேட்டிருக்கலாமேம்மா?"

"அண்ணன் வீடுதான். ஆனாலும் நானா எப்படிக் கேக்கறது? நீங்க கேப்பீங்கன்னு இருந்தேன்."

தமயந்தியால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. வீட்டில் ஒரு பிடி அரிசி கிடையாது. பசிக்காத சாமிக்குத்தான் தினமும் மறக்காமல் படைத்திருக்கிறாள்.