குந்தாரப்பள்ளியில் கூடிய கூட்டம்

“இந்தத் தம்பி சொல்றதை நம்பாதீங்க! எவனும் கையை நீட்டாதீங்க!”

குந்தாரப்பள்ளி மாட்டுச் சந்தையே திரும்பிப் பார்த்தது. கத்தியவள் மாட்டுக் கயிறு விற்கிற வெங்கடம்மா.

வாயில் வைத்துப் பேசுகிற தகரக் குழாயும் கையுமாகப் பெஞ்சுமேல் நின்ற ராஜப்பன், இறங்கி ஓடிவிடலாமா என்று பார்த்தான். சுகாதார இலாகாவில் பிரசார உதவியாளனாகச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. வேலை இன்னும் தற்காலிகம்தான். அம்மை குத்திக்கொள்ள ஜனங்களைத் திரட்டுவது அவன் பொறுப்பு. கல்லாவிச் சந்தையில் பேசினான், ஒருத்தரும் நிற்கவில்லை. பர்கூரில் பேசினான், அங்கேயும் அதே கதை. நோட்டீஸ் கொடுத்தால் வாங்கி அதில் பொரி கட்டிக்கொண்டு போனார்கள்.

இன்றைக்கு சேலத்திலிருந்து அதிகாரியே ஜீப்பில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

“இன்னிக்கும் கூட்டம் சேரலேன்னா உனக்கு இந்த வேலை சரிப்படாதுப்பா. ஊருக்குப் போயிடு” என்று காலையிலேயே சொல்லிவிட்டார்.

ஊரில் அப்பாவோ, ‘என் பையன் கவர்மெண்டு உத்தியோகம்’ என்று ஒரு வீடு விடாமல் சொல்லி வைத்திருந்தார்.

“ஏன் தம்பி, வாயடைச்சுப் போச்சா?” இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வெங்கடம்மா பெஞ்சுக்கு முன்னால் வந்து நின்றாள். “குத்தினா காய்ச்சல் வருமா, வராதா? அதைச் சொல்லு மொதல்ல!”

மாடு பிடித்துக்கொண்டு போனவர்கள் நின்றார்கள். தரகர்கள் துண்டுக்குள் விரல் பிடித்துப் பேசிய பேரத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள்.

அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கினார். “அந்தப் பொம்பளையை அப்புறப்படுத்தச் சொல்லவா? போலீஸ்காரர் அங்கேதான் நிக்கறார்.”

“வேண்டாம் சார். கேக்கறாங்க, நான் பதில் சொல்றேன்.”

அவனுக்கு எழுதிக் கொடுத்த பேச்சில் காய்ச்சலைப் பற்றி ஒரு வரியும் இல்லை. ராஜப்பன் தகரக் குழாயைக் கீழே வைத்தான்.

“வரும்மா. ரெண்டு நாள் காய்ச்சல் அடிக்கும். குத்தின இடம் புண்ணாகி ஆறும். ஆனா அம்மையே வந்துட்டா என்ன ஆகும்னு நான் சொல்லணுமா?”

போன கோடையில் சுற்றுப்பட்ட ஊர்களில் எத்தனை வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது என்று எல்லாருக்கும் தெரியும்.

வெங்கடம்மா விடுவதாக இல்லை. “மாரம்மா கோவிச்சுக்கிட்டா யாரு பொறுப்பு? உங்க கலெக்டரா?”

கூட்டம் சிரித்தது. பின்னால் இருந்தவர்கள் எக்கிப் பார்த்தார்கள்.

“மாரம்மா நமக்குத் தாய்தானே? புள்ளையைக் காப்பாத்திக்கோன்னு ஒருத்தன் வந்தா எந்தத் தாயாவது கோவிச்சுக்குவாளா?”

“பேச்சு மட்டும் நல்லாத்தான் இருக்குது! ஊருக்கெல்லாம் சொல்றியே, நீ குத்திக்கினியா?”

ராஜப்பன் சட்டைக் கையை மடித்துத் தழும்பைக் காட்டினான். “நல்லாப் பாருங்க! உயிரோடதானே நிக்கிறேன்?”

சந்தையே கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள், முனிசாமி என்கிற விவசாயி மகளின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தார்.

“அந்தம்மா கேட்டதைத்தான் நானும் கேக்கணும்னு இருந்தேன். பதில் வந்துருச்சு. என் புள்ளைக்குக் குத்துங்க சாமி.”

அவருக்குப் பின்னால் இன்னொருவர் வந்தார். கொஞ்ச நேரத்தில் வரிசை புளியமரத்தைத் தாண்டிப் போயிற்று. அம்மை குத்துகிறவருக்கு வெற்றிலை போடக்கூட நேரமில்லை.

அதிகாரிக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா, நான் அச்சடிச்ச நோட்டீஸ் எப்படி வேலை செய்யுது! பரவாயில்லே, அந்த வாயாடியை நீயும் நல்லாவே சமாளிச்சே. உன் வேலையை நிரந்தரம் பண்ணச் சொல்லி எழுதறேன்.”

ஜீப் போனதும் ராஜப்பன் நேரே வெங்கடம்மாவிடம் போனான். அவள் கயிறுகளைக் கட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சாக்கு விரிப்பில் ஒரு பெண் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது.

“ஏம்மா, நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்? என் வேலையே போயிருக்கும். சந்தையில இத்தனை பேர் குத்திக்கிட்டாங்க, நீங்க மட்டும் இப்படிப் பிடிவாதம் பிடிக்கிறீங்களே. இந்தக் குழந்தையையாவது நினைச்சுப் பாருங்க.”

வெங்கடம்மா ரவிக்கைக் கையை மேலே ஏற்றினாள். குத்திய புண் பொருக்குத் தட்டியிருந்தது. குழந்தையின் கையிலும் அதே பொருக்கு.

ராஜப்பன் திகைத்துப் போனான். “எப்போம்மா?”

“பர்கூர் சந்தையில. நீ பேசினியே, அன்னிக்கு.”

“அங்கே யாருமே நிக்கலியே!”

“நிக்கல. நான் உக்காந்து கயிறு திரிச்சிக்கினே கேட்டேன். நீ அந்தாண்ட போனதும் அம்மை குத்தறவர்கிட்ட போயி ரெண்டு பேரும் குத்திக்கினோம்.” குழந்தைமேல் உட்கார்ந்த ஈயை விரட்டினாள். “இதுக்கு மூத்ததை மாரம்மா கொண்டுபோயிட்டா சாமி. நீ முன்னாடியே வந்திருந்தா அதுவும் இருந்திருக்கும். இத்தனை நல்ல பேச்சைக் கேக்க ஒரு நாதி இல்லியேன்னு அன்னிக்கு வயிறு எரிஞ்சுது.”

“அப்போ இன்னிக்கு ஏம்மா என்னை அப்படித் திட்டினீங்க?”

“சந்தையில நல்லது சொன்னா எவன் நிக்கிறான்? சண்டைன்னாத்தான் நிப்பான்.”

ராஜப்பனுக்குக் கண் நிறைந்துவிட்டது. இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டான்.

“கும்புடறதெல்லாம் இருக்கட்டும். அடுத்தது எந்தச் சந்தை?”

“ராயக்கோட்டைம்மா.”

வெங்கடம்மா கயிற்று மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். “முன்னாடியே போயி உக்காந்துக்கறேன். இன்னிக்கு நீ ரொம்பப் பயந்துட்டே. அங்க வந்து நல்லா எதுத்துப் பேசு சாமி!”